முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே: சுகாதார அமைச்சகத்துக்கு எல்லையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்துக்கும், கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் சுகாதாரத் துறைகளுக்கும்,

வணக்கம்.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில், தமிழ்வழிப் பள்ளியொன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்கு ஆளானவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்துவரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றோடு நெடுநாளாகப் பழகிவருகிறேன். அவர்களுடைய இசைவோடும் அவர்கள் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன். குறைதீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டிலும் மாநிலத்திலும் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது உறுப்பு உரிமை தந்திருப்பதால், அவர்கள் வாசித்துச் சரிபார்க்கக்கூடிய தமிழிலேயே எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு நோயின் முதல் அறிகுறி தென்பட்ட நாளுக்கும் முறையான சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதைத் தேசிய மனநலத் திட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்தைக் குறைப்பதே திட்டத்தின் முதன்மை இலக்காக அறிவிக்கப்பட வேண்டும். மாநில எல்லை குறுக்கே கிடப்பதால் அக்காலம் நீள்வதற்கும், தொடங்கிய சிகிச்சை அறுந்துபோவதற்கும் இனி இடம் தரக் கூடாது.

இந்நோய் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டுகிறது. ஆண்களுக்குச் சற்று முந்தியும் பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் வருகிறது. ஆகவே மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களும் கல்லூரி விடுதிக் காப்பாளர்களுமே பல நேரங்களில் முதல் மாற்றத்தைக் கண்ணால் காண்பவர்கள். அந்த மாற்றம் எடுத்த எடுப்பிலேயே காதில் குரல் கேட்பதாகவோ, யாரோ பின்தொடர்வதாகவோ தொடங்குவது குறைவு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் மதிப்பெண் இறங்குகிறது. கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறது. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்குகிறது. குளிப்பதும் தலை வாருவதும் குறைகின்றன. கேட்ட கேள்விக்கும் சொல்லும் பதிலுக்கும் தொடர்பு அறுகிறது. ஊரார் இதைக் காதல் தோல்வி என்பார்கள், சோம்பேறித்தனம் என்பார்கள், கஞ்சா என்பார்கள். கஞ்சா இந்நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் நோய்வாய்ப்படுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பல மாதங்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு, அதாவது 2.4 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சிதைவு போன்ற கடும் மனப்பிறழ்வு நோய்களுக்கு ஆளானவர்களில் 75.5 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. கேரளமும் தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் அடங்கும். நான்கில் மூவர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சிகிச்சைக்குள் வந்துசேர்ந்த அந்த நான்காமவர் எத்தனை மாதம் கழித்து வந்தார் என்று கேட்பவர் குறைவு.

அந்தத் தாமதம் பின்னாளில் நோயாளியின் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்பது முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, அறிகுறிகள் தணிவதும் படிப்புக்கோ வேலைக்கோ திரும்புவதும் கடினமாகின்றன. நார்வே நாட்டின் ரோகலாண்ட் பகுதியில் 1997 முதல் செய்தித்தாள், வானொலி, திரையரங்க விளம்பரம், பள்ளிகள், குடும்ப மருத்துவர்கள் வழியாக இந்நோயின் தொடக்க அறிகுறிகளைப் பற்றி இடைவிடாமல் பேசினார்கள். அழைப்பு வந்தவுடன் நேரில் சென்று பார்க்கும் குழுவையும் அமைத்தார்கள். அதற்கு முன் பாதிப்பேருக்கு 26 வாரங்களுக்கு மேல் நீண்டிருந்த தாமதம் ஐந்து வார அளவுக்குக் குறைந்தது. பிரச்சாரத்தை நிறுத்தியபோது தாமதம் மீண்டும் கூடியது. இந்தப் பிற்பகுதியைத் திட்டம் வகுப்போர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று ஒரு பேரணி, ஒரு ஓவியப் போட்டி என்று முடித்துக்கொள்வதால் தாமதம் குறைந்துவிடாது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1990களின் தொடக்கத்திலேயே, முதன்முறை நோயுற்ற இளைஞர்களுக்கென்று தனிச் சிகிச்சை மையம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல், முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளானவர்களில் பாதிப்பேருக்காவது பரிந்துரை வந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்து, பின்னர் அந்த அளவு 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 404 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு குடும்பத்துக்கு விளக்கம், உளவழி ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்கும் துணை ஆகியவற்றைச் சேர்த்து வழங்கியபோது வழக்கமான சிகிச்சையைவிடப் பலன் கூடியது. தாமதம் குறைவாக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது.

நம் நாட்டுக்கு இதெல்லாம் புதிதும் அன்று. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோயுற்றுச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, அவர்களில் பெரும்பாலோரின் அறிகுறிகள் நன்றாகத் தணிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கோவா ஆகிய மூன்று மாநிலங்களில் 282 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வொன்று, உள்ளூரிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட சமுதாயப் பணியாளர் வீடு தேடிச் சென்று துணை நின்றால் நோயாளியின் செயலாற்றல் கூடுகிறது என்று காட்டியது. புதுக்கோட்டை கிராமங்களில் பேருந்தொன்றில் காணொளிக் கருவி பொருத்தி, சென்னையிலிருக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்க்கவும், அந்தப் பேருந்திலேயே மாத்திரை வழங்கவும் ஸ்கார்ஃப் ஏற்பாடு செய்தது. நமக்குத் தெரிந்த வழிகளே இவ்வளவு இருக்க, அவற்றை நாடு முழுமைக்கும் உரிய நடைமுறையாக்குவதுதான் எஞ்சியிருக்கிறது.

எங்கள் மலையில் தாமதம் எப்படி உண்டாகிறது என்பதற்கு ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் மாணவன் அவன். பிளஸ் டூ முடித்துத் தேனி மாவட்டத்துக் கல்லூரியொன்றில் விடுதியில் தங்கிப் படித்தான். இரண்டாம் ஆண்டின் நடுவில் பெட்டியோடு தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பி வந்தவன் மறுபடி போகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதும்போதெல்லாம் அதில் தன் பெயர் வருவதாகச் சொன்னான். ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து அடைத்தான். அம்மா சமைத்த சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு, கடையிலிருந்து வந்த பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை மட்டும், ஒட்டிய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றான். கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் வரும் அந்தத் தாய், வழியிலேயே கடையில் நின்று ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதைப் பல மாதம் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். கம்பத்தில் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். சோட்டாணிக்கரைக்கு அழைத்துப்போய் வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்து உறவினர்கள் குலதெய்வத்துக்குக் கடன் பாக்கி என்றார்கள், அதையும் செய்தார்கள். பெரியப்பா முறையுள்ள ஒருவர், ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கவே புறப்பட்டுவிட்டார். இப்படி ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகுதான் அவன் மனநல மருத்துவர் ஒருவர் முன் உட்கார்ந்தான். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் சங்கொலி வெறும் சங்கொலியாயிற்று. இரண்டு மாதத்தில் அம்மா கையால் சோறு உண்டான். வந்த முதல் மாதத்திலேயே அந்த மருத்துவரைப் பார்த்திருந்தால் அவன் பட்டப்படிப்பை முடித்திருக்கக்கூடும் என்று அந்தத் தாய் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லவில்லை. கதவு திறந்திருக்கிற இடத்துக்கு, முன்னே போனவர்கள் வழிகாட்டுகிற இடத்துக்கு மக்கள் போகிறார்கள். அரசு அவர்களை அங்கேயே சந்திக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் உயிரிழந்தார்கள். யாரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் இன்று தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருவோருக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி பின்னர் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. மனநோய்க்கென்று மக்கள் திரளும் மற்ற வழிபாட்டுத் தலங்களிலும், கேரளத்திலுள்ளவை உட்பட, இத்தகைய ஏற்பாடு வேண்டும். தாமதத்தில் பல மாதங்களை அந்த ஒரு திண்ணையிலேயே மிச்சப்படுத்தலாம்.

இனி, எங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எங்கள் வேலையும் ரேஷன் அட்டையும் இந்தப் பக்கம். பெண் கொடுத்ததும் எடுத்ததும், பிள்ளைகள் கல்லூரி போவதும், நல்லது கெட்டதும் அந்தப் பக்கம். விடியுமுன் கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து, மாலையில் மலையிறங்குகிறவர்கள் ஏராளம். குமுளியிலிருந்து கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கு மேல், வளைவு வளைவான மலைப்பாதை. தேனி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. நோயாளியோடு துணைக்கு ஒருவர் போனால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகிறது. கோட்டயம் என்றால் சில நேரம் இரண்டு நாள் போகிறது.

மனநல பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவை நீங்கள் அறிவீர்கள். மனநோய்க்கு ஆளான எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்கிறது அது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையெனில், அதே மாவட்டத்தில் வேறெந்த மனநலச் சேவையையும் அவர் நாடலாம், செலவை உரிய அரசு ஏற்கும் என்றும் சொல்கிறது. ‘அதே மாவட்டத்தில்’ என்ற வரம்பு நாட்டின் பிற பகுதிகளில் பொருந்தலாம். எல்லையோரத்தில் வாழ்பவருக்கு மிக அருகிலுள்ள சிகிச்சை அடுத்த மாவட்டத்தில், அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. சட்டத்தின் நோக்கம் தொலைவைக் குறைப்பதென்றால், அந்த நோக்கத்துக்கு இணங்க விதிகளில் எல்லையோர மாவட்டங்களுக்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதன் அவசியம் 2020இல் எல்லோருக்கும் தெரியவந்திருக்க வேண்டும். ஊரடங்கின்போது குமுளி சோதனைச் சாவடி வழியே இ-பாஸ் இல்லாமல் யாரும் கடக்க முடியவில்லை. தேனிப் பக்கம் மருந்து வாங்கிவந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனபோது, பழைய சீட்டு செல்லாது, புதிதாகப் பரிசோதித்துத்தான் எழுத முடியும், அதற்கான மருத்துவர் அடுத்த மாதம்தான் வருவார் என்ற பதிலைப் பெற்றன. நான் மேலே சொன்ன தாய் சேமிப்பிலிருந்த மாத்திரைகளை ஒடித்தார். “சார், பாதி பாதியா குடுத்து இருபது நாள் ஓட்டிட்டேன், அதுக்கப்புறம் என்ன செய்யன்னு தெரியல” என்றார். இருபது நாளுக்குப் பிறகு அவன் மறுபடியும் ஜன்னலை அடைக்கத் தொடங்கினான். இந்நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முந்தைய நிலைக்கு மீள்வது கடினமாகிறது என்பதை மருத்துவர்களே சொல்கிறார்கள். அந்த முறை அவன் தேறப் பல மாதம் ஆயிற்று.

பெருந்தொற்றுக் காலத்தை விட்டுவிட்டாலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு ஒரு மையத்துக்கு மாதம் ஒருமுறை வருகிறது. அந்த நாளில் மண் சரிந்து பாதை அடைபட்டால், ஹர்த்தால் வந்தால், வேலைக்குப் போயே ஆக வேண்டிய நாளாக இருந்தால், அடுத்த வாய்ப்பு அடுத்த மாதம். மொழியும் சேர்ந்துகொள்கிறது. இந்நோயை அறிய ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி தன் மனத்தில் நிகழ்வதைச் சொல்லுவதும் மருத்துவர் அதைக் கேட்டு எடைபோடுவதுமே பரிசோதனை. மலையாளத்தில் கடையில் பொருள் வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன் எண்ணத்தை யாரோ திருடுகிறார்கள் என்பதை மலையாளத்தில் சொல்லத் தெரிவதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள உரிமை தந்திருக்கிறது. மனநலக் கிளினிக்கில் தமிழறிந்த செவிலியரோ ஆலோசகரோ ஒருவர் இருப்பதும், மருந்து உண்ணும் முறை தமிழில் எழுதித் தரப்படுவதும் அந்த உரிமையில் அடங்கியவையாகக் கருதப்பட வேண்டும். (தேயிலைத் தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு எங்கள் அளவுக்குக்கூடச் சொல்லிக்கொள்ள ஆளில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.)

எல்லை கடந்து சிகிச்சையைத் தொடர வைப்பது இயலாத காரியம் என்று சொல்ல முடியாது. மத்திய அரசே காசநோய்க்கு அதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2012இல் தொடங்கிய நிக்ஷய் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், அவர் குமுளியிலிருந்து கம்பத்துக்குக் குடிபெயர்ந்தாலும் சென்னைக்குப் போனாலும் சிகிச்சைக் குறிப்பு அவரோடு மாற்றப்படுகிறது; மாத்திரை அங்கே கிடைக்கிறது. சத்துணவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அவர் கணக்குக்கு நேரே போகின்றன. அதே முறையை, மனநல பராமரிப்புச் சட்டம் வலியுறுத்தும் இரகசியக் காப்போடும் நோயாளியின் எழுத்துப்பூர்வ இசைவோடும், மனச்சிதைவு நோய்க்கும் கொண்டுவாருங்கள். இடுக்கி–தேனி, பாலக்காடு–கோயம்புத்தூர், கொல்லம்–தென்காசி ஆகிய மாவட்ட இணைகளில் முன்னோடியாகத் தொடங்கலாம். ஆந்திர எல்லையில் சித்தூர்–வேலூர், திருப்பதி–திருவள்ளூர் பகுதிகளிலும் இரு மொழி பேசும் மக்கள் இவ்வாறே இரு பக்கமும் வாழ்கிறார்கள். ஒரு மாநில அரசு மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு மறு மாநில அரசு மருந்தகத்தில் மூன்று மாதமாவது செல்லுபடியாகட்டும். இதற்குப் பெரும் செலவில்லை. இரு செயலாளர்கள் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தமும், அதை மதிக்கும்படி மருந்தகங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் போதும்.

மருந்தைப் பற்றி. அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகள் சமுதாய நல மையத்திலிருந்து மேலுள்ள எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் ‘எல்லா நேரத்திலும்’ கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறது அதே 18ஆவது பிரிவு. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் கையிருப்பு இல்லை என்ற பதிலை அடிக்கடி கேட்கின்றன. நாள்தோறும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் போன்ற ஊசிகள் பெரும் உதவி. அதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போடலாம். இரண்டு மருந்துகள் பலிக்காதவர்களுக்குக் கடைசி நம்பிக்கையான க்ளோசபின் தொடங்கினால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனைக்காக நகரத்துக்கு அலைய முடியாததாலேயே அந்த மருந்தைத் தொடங்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். தாலுகா மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து, முடிவை மருத்துவருக்குத் தொலைபேசியில் அனுப்பினாலே இந்தத் தடை நீங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கேரளத்தில் 2008இன் வலிநிவாரணக் கொள்கைக்குப் பின் உள்ளாட்சிகளின் செவிலியர்கள் படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கிறார்கள். எங்கள் லயத்துக்கும் அந்தச் செவிலியர் வருகிறார், அவரை நாங்கள் வணங்குகிறோம். அவர் தூக்கிவரும் பையில் மனநோய்க்கான மருந்தும், அவர் பதிவேட்டில் இந்நோயாளிகளின் பெயரும் இடம்பெற வேண்டும்.

நோய் கண்டறிந்த பிறகு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளே தீர்மானமானவை. அந்தக் காலத்துக்காவது ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், தேறிவந்த நோயாளி ஒருவர் அடங்கிய தனிக் குழு, புதிதாக நோயுற்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரிந்து, தொடர்ந்து பார்த்துவர வேண்டும். ஆஷா பணியாளர், தோட்டத்து நல அலுவலர், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆகியோருக்குத் தொடக்க அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி தந்தால் மட்டும் போதாது. சந்தேகம் வந்த அன்றே அவர்கள் யாரை அழைக்க வேண்டும் என்பதும், அழைத்த எத்தனை நாளில் அந்தக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416 தமிழிலும் பேசுகிறது என்பதை வரவேற்கிறேன். அழைத்தவரை அந்தக் குழுவின் கையில் ஒப்படைக்கும் கடமையும் அதற்கு விதிக்கப்பட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நோயை மறைத்துத் திருமணம் செய்துவைக்கப்பட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் மருந்தில்லாமல் நோய் முற்றி, கணவன் வீட்டால் கைவிடப்பட்டு வயதான பெற்றோரிடம் திரும்பியவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் நடத்திய ஆய்வுகளும் இத்தகைய பெண்கள் ஜீவனாம்சமின்றிப் பெற்றோரை நம்பி வாழ்வதையே காட்டின. அந்தப் பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு எங்கள் பகுதியில் இன்று பதில் இல்லை. குடும்பமாக வாழும் சிறு இல்லங்களை அரசு அமைக்க வேண்டும். பெரிய காப்பகங்களுக்கு அவர்களை அனுப்பக் கூடாது.

உதவித்தொகையிலும் திருத்தம் வேண்டும். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 80 வயதுக்குட்பட்டோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதைப் பெறவும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதோடு 80 விழுக்காடு ஊனம் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 40 விழுக்காட்டையே அளவுகோலாகக் கொள்கிறது. மருந்து உண்டு ஓரளவு தேறியவர் 80ஐ எட்டமாட்டார். தேறியதற்காக அவருக்கு உதவி மறுக்கப்படுகிறது. மனச்சிதைவு நோய்க்கு இந்த வரம்பை 40ஆகக் குறைத்து, தொகையை காசநோயாளிக்குத் தரும் 1,000 ரூபாய்க்காவது உயர்த்துங்கள்.

இவற்றையெல்லாம் செய்ய ஆளில்லை என்ற பதில் வரும். இலட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டிய இடத்தில் நாட்டில் 0.75 பேரே இருப்பதாக 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு குறிப்பிட்டது. ஆனால் மனநல பராமரிப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கேற்ற பன்னாட்டு அளவில் மனநலப் பணியாளர்களை எட்டுவதற்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டு கெடு வைத்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே மாதத்தில் முடிகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன, எத்தனை நிரப்பப்பட்டன, எத்தனை மலையோர, எல்லையோரத் தாலுகாக்களுக்குப் போயின என்ற விவரத்தை மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.

இம்மடலுக்கு விடையாக மூன்று தகவல்களை எதிர்பார்க்கிறோம். முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையிலான காலத்தைப் பதிவு செய்யும் கட்டம் மாவட்ட மனநலத் திட்டத்தின் மாதாந்திரப் படிவத்தில் எப்போது சேர்க்கப்படும் என்பது ஒன்று. இடுக்கி–தேனி மருந்துச் சீட்டு ஒப்பந்தத்தை எந்த அலுவலர் முன்னெடுப்பார் என்பது மற்றொன்று. பீர்மேடு தாலுகாவில் தமிழறிந்த மனநலப் பணியாளர் எந்தத் தேதியிலிருந்து இருப்பார் என்பது மூன்றாவது. விடை தமிழில் இருந்தால் குடும்பங்கள் நேரே வாசித்துக்கொள்ளும். தங்கள் அனுபவத்தையும் மருந்துச் சீட்டுகளையும் அலுவலர் முன்வைக்க அவர்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். விசாரணையைக் குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் யாருடைய கூலியும் போகாது.

இங்ஙனம்,
பீர்மேடு தாலுகாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பராமரிக்கும் குடும்பங்களின் சார்பில்